வெள்ளாட்டுக்குச் சினை ஊசி போட்டும் நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் முறை

சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், போட்ட ஆடு மறுபடி வாலாட்டிக் கத்த ஆரம்பித்ததும் பழி நேராக விந்து மேல் விழும். பல நேரம் ஸ்ட்ராவில் (உறைவிந்து அடைத்த மெல்லிய குழாய்) ஒரு குறையும் இருக்காது. மாட்டுக்குப் போட்டுப் பழகிய கை, அதே கணக்கில் ஆட்டுக்கும் போட்டிருக்கும். மாட்டில் ஆசனவாய் வழியே கையை விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு கன்னை (விந்து செலுத்தும் கம்பி) நகர்த்தலாம். ஆட்டில் அதற்கு இடமில்லை. ஸ்பெக்குலமும் (யோனியை விரித்துப் பார்க்கும் குழல்) டார்ச்சும்தான் கண், கன்னைப் பிடித்திருக்கும் இரண்டு விரல்தான் கை. பருவம் தொடங்கிய நேரமும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் காரணம் தேடுமுன் நோட்டைத் திறங்கள். காதுத் தோடு எண், பருவம் முதலில் கண்ணில் பட்ட நேரம், ஊசி போட்ட நேரம், யோனி ஒழுக்கின் நிறம், கன் கருப்பை வாயின் எத்தனை வளையம் தாண்டியது, ஸ்ட்ராவில் அச்சடித்த கடா எண்ணும் தேதியும், போட்டவர் பெயர். இவ்வளவும் எழுதியிருந்தால் கீழே உள்ளவற்றில் பாதிக்கு நோட்டிலேயே பதில் கிடைத்துவிடும்.

முதல் கேள்வி: எத்தனாவது நாளில் திரும்பியது?

வெள்ளாட்டின் பருவச் சுழற்சி சராசரி 21 நாள். ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணுங்கள்.

5 முதல் 8 நாளுக்குள் திரும்பினால் அது குறுஞ்சுழற்சி. முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் தங்காமல் சீக்கிரமே கரைந்துவிட்டது என்று பொருள். பல வாரம் கடா வாசமே படாத மந்தையில் திடீரெனக் கடாவை விட்டால் வரும் முதல் பருவத்திலும், குட்டி போட்டபின் வரும் முதல் பருவத்திலும் இது சகஜம். விந்துக்கும் போட்டவருக்கும் சம்பந்தமில்லை. திரும்பி வந்த பருவத்தில் மறுபடி போடுங்கள்.

18 முதல் 23 நாள் என்றால் கரு சேரவே இல்லை, அல்லது சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் போய்விட்டது. நேரம், விந்து, போட்ட இடம் மூன்றையும் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கூட்டத்தில் மட்டும்தான்.

25 முதல் 35 நாள்: சினை நின்று கலைந்திருக்கிறது. கத்திரி வெயிலில் வண்டியில் ஏற்றியது, தீவனத்தைத் திடீரென மாற்றியது, தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் ஒரே வாரத்தில் கொடுத்து விரட்டிப் பிடித்தது என்று அந்த மாதத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஸ்ட்ராவை மாற்றிப் பயனில்லை.

38 முதல் 44 நாள்: நடுவில் ஒரு பருவம் வந்து போயிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. கோளாறு கொட்டிலில் இருக்கிறது.

திரும்பவே இல்லை, ஆனால் சினையும் இல்லை என்றால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

பருவம் வருவதே தெரியவில்லை

வெள்ளாட்டில் பருவம் 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். பண்ணை ஆட்களுக்குப் பெரும்பாலும் அதன் பின்பாதிதான் கண்ணில் படும். கத்துவதையும் வாலை விடாமல் ஆட்டுவதையும் மட்டும் நம்பினால் அமைதியாக வரும் ஆடுகள் தப்பிவிடும், முதல் ஈத்துக்கு வரும் கிடேரிகள் முக்கியமாக. காலையும் மாலையும் 20 நிமிடமாவது, ஏறினாலும் சேரமுடியாதபடி வயிற்றில் ஏப்ரன் (மறைப்புத் துணி) கட்டிய கடாவை உள்ளே விடுங்கள். கடா ஏறும்போது நகராமல் நிற்பதே நிச்சயமான அடையாளம். 20 முதல் 30 பெட்டைக்கு ஒரு கடா போதும். அதற்கு மேல் போனால் கடா இரண்டு மூன்று ஆட்டையே சுற்றி வரும், மற்றவை கணக்கில் வராது.

ஏப்ரன் சணல் சாக்கில் தைத்ததாக இருந்தால் தினமும் முடிச்சைப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்துவிட்டால் கடா காரியத்தை முடித்துவிடும். பிறகு பிறக்கும் குட்டியைப் பார்த்து ஸ்ட்ராவில் வேறு இனம் கலந்துவிட்டது என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

மந்தையில் ஒன்றுமே பருவத்துக்கு வரவில்லையென்றால் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். இடுப்புக்கு மேல் முதுகெலும்பின் பக்கவாட்டு முனைகள் விரலில் குத்தினால் ஆட்டுக்குத் தீனி போதவில்லை. ஹார்மோன் வாங்குவதற்கு முன், ஒரு ஆட்டுக்குத் தினம் 200 முதல் 250 கிராம் கலப்புத் தீவனம் மூன்று வாரம் கொடுங்கள். குட்டி போட்டு இரண்டு மாதம் ஆகாத ஆட்டை விட்டுவிடுங்கள்.

பி.ஜி. ஊசி போட்டு மூன்று நாள், பருவம் இல்லை

பி.ஜி. (புரோஸ்டாகிளாண்டின்) பருவத்தை உண்டாக்கும் மருந்து இல்லை, ஏற்கெனவே இருக்கும் மஞ்சள் உடலத்தைக் கரைக்கும் மருந்து. உடலம் இருந்தால்தான் வேலை. போன பருவத்திலிருந்து 5ஆம் நாளுக்கு முன் போட்டால் கேட்காது. சுழற்சியே இல்லாத ஆட்டுக்கு எத்தனை முறை போட்டாலும் தண்ணீர்தான். மந்தையில் எது எந்த நாளில் இருக்கிறது என்று தெரியாதபோது 11 நாள் இடைவெளியில் இரண்டு முறை போடுவது இதற்காகத்தான். முதல் முறை தவறியதெல்லாம் இரண்டாவதில் மாட்டும். இரண்டாவது போட்டபின் பெரும்பாலானவை 48 முதல் 72 மணிக்குள் பருவத்துக்கு வரும்.

பி.ஜி. வகையில் குளோப்ரோஸ்டினால் என்றால் ஆட்டுக்கு 125 மைக்ரோகிராம். மி.லி.க்கு 250 மைக்ரோகிராம் உள்ள பாட்டிலில் அரை மி.லி., சதையில். மாட்டுக்குப் போடும் 2 மி.லி. அளவைப் பார்த்துவிட்டு ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று ஏற்றவும் வேண்டாம், சிரிஞ்சில் அளவு தெரியாமல் பாதி சிந்தவும் வேண்டாம். 1 மி.லி. சிரிஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடு சினையாக இல்லை என்று தெரிந்த பிறகே போடுங்கள். செம்மறியில் ஏறக்குறைய 50 நாளுக்குப் பிறகு சினையைக் காக்கும் புரோஜெஸ்டரோன் ஹார்மோனை நஞ்சே (நஞ்சுக்கொடி) சுரக்கும். வெள்ளாட்டில் குட்டி பிறக்கும்வரை மஞ்சள் உடலம்தான் காவல். அதனால் எந்த மாதச் சினையானாலும் பி.ஜி. போட்டால் கலைந்துவிடும். மருந்து தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் பாட்டிலைத் தொடக்கூடாது, மற்றவர்கள் கையுறையோடு.

ஸ்பாஞ்ச்: விழுந்துவிட்டது, ஒட்டிக்கொண்டது, நாறுகிறது

ஸ்பாஞ்ச் என்பது பருவத்தை ஒரே நேரத்துக்குக் கொண்டுவர யோனிக்குள் வைக்கும் ஹார்மோன் பஞ்சு. அதன் நூல் வெளியே நீளமாகத் தொங்கினால் பக்கத்து ஆடு கடித்து இழுக்கும். இரண்டு மூன்று செ.மீ. விட்டு வெட்டுங்கள். நூல் உள்ளே போய்விட்டால் ஸ்பெக்குலம் வைத்துப் பார்த்து, நீளக் கவ்வியால் எடுக்கவேண்டும். ‘விழுந்திருக்கும்’ என்று விட்டால் ஆடு பருவத்துக்கு வராமலே கிடக்கும்.

எடுக்கும்போது வெள்ளையாக, நாற்றத்தோடு கொஞ்சம் நீர் வருவது சாதாரணம். பருவத்து ஒழுக்கோடு அது கழுவிப் போய்விடும், ஆன்டிபயாட்டிக் வேண்டாம். இரத்தமும் சீழும் வந்தால் மட்டும் அந்தச் சுற்றில் சினை ஊசி போடாதீர்கள். ஸ்பாஞ்ச் சுவரில் ஒட்டிக்கொள்வது கிடேரிகளில் அதிகம். வெடுக்கென்று இழுக்காமல், கையுறை விரலால் சுற்றிலும் விடுவித்து, கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள்.

ஸ்பாஞ்ச் எடுக்கும்போது போடும் பி.எம்.எஸ்.ஜி. (முட்டையை வளர்க்கும் ஹார்மோன் ஊசி) அளவில்தான் நம்மூர் ஆடுகளுக்குத் தவறு நடக்கிறது. பிரான்சில் அல்பைன், சானன் பால் ஆடுகளுக்கு 400 முதல் 600 யூனிட் போடுகிறார்கள். அதையே 25 கிலோ கன்னி இன ஆட்டுக்குப் போட்டால் ஒரே நேரத்தில் முட்டைகள் ஏராளமாக வெளிவந்து, ஒன்றும் நிற்காமல் போகலாம், அல்லது நாலைந்து குட்டி நின்று தாய் தாங்காமல் போகலாம். சிறிய உடம்புக்கு 200 முதல் 300 யூனிட் போதும். வருடாவருடம் ஒரே ஆட்டுக்கு இதைப் போட்டால் அதற்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொள்ளும். அப்போது பருவம் தாமதமாகும். ஸ்பாஞ்ச் எடுத்து 43 முதல் 46 மணியில் கடிகாரம் பார்த்துப் போடும் முறையில், தாமதமாக வரும் ஆட்டுக்கு ஊசி வெகு முன்னதாகப் போய்விடும். 30 மணிக்குள் கடாவுக்கு நிற்காத ஆட்டைக் குறித்து வைத்து, அதற்கு மட்டும் தள்ளிப் போடுங்கள். அடுத்த வருடம் அதற்கு பி.எம்.எஸ்.ஜி. வேண்டாம்.

ஸ்ட்ராவை உருக்கியதும் வெடிக்கிறது, அல்லது உயிரோட்டம் இல்லை

வெடிப்பது ஒரே காரணத்தால்தான். முனை சரியாக மூடப்படாத ஸ்ட்ராவுக்குள் திரவ நைட்ரஜன் புகுந்திருக்கும், வெந்நீரில் அது ஆவியாகி விரியும். ஒன்று இரண்டு என்றால் விட்டுத்தள்ளுங்கள். ஒரே தேதி அச்சில் பல வெடித்தால் திருப்பிக் கொடுங்கள்.

உயிரோட்டம் குறைந்திருந்தால் முதலில் ஸ்ட்ரா வைக்கும் திரவ நைட்ரஜன் கேனைப் பாருங்கள். கேனின் வெளிப்புறம் வியர்த்தோ, கழுத்தில் பனி படிந்தோ இருந்தால் வெற்றிடம் போய்விட்டது, கேனை மாற்றத்தான் வேண்டும். அளவுகோலை இறக்கி எடுத்து, பனி படியும் உயரத்தைப் பாருங்கள். 15 செ.மீ.க்குக் கீழே போகவிடாதீர்கள்.

அடுத்து, எடுக்கும் கை. ஆட்டுக்கு வரும் 0.25 மி.லி. ஸ்ட்ரா மெலிசு. பரப்பு அதிகம், பொருள் குறைவு. நைட்ரஜனுக்கு வெளியே சில நொடிகளிலேயே சூடேறும். மைனஸ் 130 டிகிரியைத் தாண்டிவிட்டால் செல்லுக்குள் பனித்துகள் மறுபடி வளரும். திரும்ப உள்ளே போட்டாலும் சேதம் சேதம்தான், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. கேனிஸ்டரை (கேனுக்குள் ஸ்ட்ராக்கள் இருக்கும் குவளை) கேன் கழுத்தின் பனிக்கோட்டுக்குக் கீழேயே நிறுத்தி, இடுக்கியால் எடுங்கள். 8 நொடிக்குள் கிடைக்கவில்லையா, கேனிஸ்டரை இறக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். பெயர் படிப்பதற்காகத் தூக்கித் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தில் அழியும் ஸ்ட்ராக்களுக்குக் கணக்கே கிடையாது.

உருக்குவது 37 டிகிரி நீரில் 30 நொடி. விரல் விட்டுப் பார்த்துச் சொல்லும் வெதுவெதுப்பு ஆளுக்கு ஆள் ஐந்தாறு டிகிரி மாறும். தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். வெளியே எடுத்ததும் டிஷ்யூ தாளால் நன்றாகத் துடையுங்கள். வெட்டும்போது ஒரு சொட்டு நீர் உள்ளே போனாலும் விந்தணுவின் வால் சுருண்டு செத்துவிடும். கன்னும் அதன் மேலுறையான ஷீத்தும் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்திருந்தால் கைபொறுக்காத சூடு இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் நேர்மாறு, கன்னைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். உருக்கிய ஸ்ட்ராவைப் பத்து நிமிடத்துக்குள் போட்டு முடியுங்கள். ஆட்டைப் பிடித்து நிறுத்திய பிறகு உருக்குங்கள், உருக்கிவிட்டு ஆட்டைத் தேடாதீர்கள்.

மைக்ரோஸ்கோப் இருந்தால் சூடான ஸ்லைடில் பாருங்கள். குளிர்ந்த ஸ்லைடில் நல்ல விந்தும் மந்தமாகத் தெரியும். நூற்றுக்கு 40க்குக் குறைவாக முன்னோக்கி நீந்தினால் அந்தத் தேதியை ஒதுக்குங்கள். உருக்கியதும் அருமையாக ஓடி, ஒரு மணி நேரம் 37 டிகிரியில் வைத்தால் ஒட்டிக்கொண்டு நின்றுபோகும் விந்தும் உண்டு. இது வெள்ளாட்டுக் கடாவுக்கே உரிய தொல்லை. அதன் பல்போயுரெத்ரல் சுரப்பியிலிருந்து வரும் பாஸ்போலிபேஸ் ஏ என்ற நொதி, விந்தோடு சேர்க்கும் கரைசலின் முட்டை மஞ்சள் கருவிலுள்ள லெசித்தினை உடைத்து லைசோலெசித்தினாக மாற்றும். அது விந்தணுவுக்கு விஷம். அதனால்தான் ஆட்டு விந்தை உறைய வைக்கும்முன் நீர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, விந்துத் திரவத்தைக் கழுவி நீக்குகிறார்கள். கழுவாமல் உறைய வைத்தால் மஞ்சள் கருவை 2 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும். மாட்டு விந்துக்கான கரைசலை அப்படியே ஊற்றி உள்ளூரில் தயாரித்த ஸ்ட்ரா இந்தச் சோதனையில்தான் மாட்டிக்கொள்ளும்.

கன் உள்ளே போகவில்லை

ஒரு ஆள் ஆட்டின் கழுத்தைக் காலிடுக்கில் வைத்து, பின்னங்கால் இரண்டையும் தூக்கிப் பிடிக்கவேண்டும். அல்லது வயிறு அழுந்தாதபடி இடுப்பைக் கம்பிமேல் ஏற்றவேண்டும். அந்த நிலையில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். வழவழப்புத் தடவிய ஸ்பெக்குலத்தை முதலில் மேல்நோக்கிச் சாய்த்து நுழைத்து, பிறகு நேராக்குங்கள். ஆரம்பத்திலேயே நேராகத் தள்ளினால் கீழே சிறுநீர்த் துவாரத்தில் முட்டி ஆடு துள்ளும்.

வெளிச்சத்தில் என்ன தெரிகிறது என்பதே இங்கே முக்கியத் தகவல். யோனிச் சுவர் வெளிறி, வறண்டு, ஸ்பெக்குலத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஆடு பருவத்தில் இல்லை. கன்னைக் கீழே வையுங்கள். சிவந்து ஈரமாக, உள்ளே அடியில் கண்ணாடிபோல் தெளிந்த ஒழுக்கு தேங்கியிருந்தால் பருவத்தின் தொடக்கம். சில மணி நேரம் கழித்து வாருங்கள். ஒழுக்கு கஞ்சித்தண்ணிபோல் கலங்கி, நூலாக இழுத்தால் இதுதான் நேரம். பாலாடைக்கட்டிபோல் வெள்ளையாகத் திரண்டிருந்தால் பருவம் முடியப்போகிறது. போடலாம், நம்பிக்கை குறைவு.

கருப்பை வாய் ரோஜா நிற மடிப்பாகத் தெரியும். மடிப்பு துவாரத்தை மூடியிருந்தால் ஸ்பெக்குலத்தைச் சற்றுப் பின்னிழுத்து மறுபடி தள்ளுங்கள், தானே விலகும். உள்ளே நாலைந்து கெட்டியான வளையங்கள் இருக்கும், துவாரங்கள் ஒரே நேர்க்கோட்டில் இராது. கன்னைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பேனாபோல் பிடித்து, உருட்டிக்கொண்டே மெதுவாக அழுத்துங்கள். ஒவ்வொரு வளையம் தாண்டும்போதும் விரலில் ‘டக்’ என்று ஒரு சின்ன விடுபடல் தெரியும். இரண்டு மூன்று வளையம் தாண்டினால் நல்லது. ஆழம் கூடக் கூடச் சினைபிடிப்பு கூடும். ஆனால் பலம் காட்டக்கூடாது, கன் நுனியில் இரத்தம் பட்டால் நிறுத்திவிடுங்கள். கிடேரிகளில் முதல் வளையத்தோடு நின்றுவிடுவதே வழக்கம். ஸ்ட்ரா குறைவாக இருந்தால் ஒன்று முதல் நாலு ஈத்துப் போட்ட ஆடுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கிடேரிக்கு போயர் (பெரிய உடம்புள்ள இறைச்சி இனம்) விந்து போட்டுவிட்டுப் பிரசவத்தில் திண்டாடுவதைவிட, தலைச்சேரியோ அதன் சொந்த இனமோ போடுவது மேல்.

விந்து ஸ்பெக்குலத்தில் வழிந்து கிடக்கிறது

பெரும்பாலும் ஸ்ட்ராவைச் சாய்வாக வெட்டியதுதான். சாய்ந்த முனை ஷீத்துக்குள் இறுக உட்காராது. அழுத்தும்போது விந்து முன்னால் போகாமல் ஸ்ட்ராவுக்கும் ஷீத்துக்கும் நடுவே பின்னால் வரும். பஞ்சு அடைப்புள்ள முனை கீழே இருக்கும்படி பிடித்து, விரலால் சுண்டிக் காற்றுக் குமிழியை மேல்முனைக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் குமிழி இருக்கும் இடத்தில் கூரான கத்தரியால் செங்குத்தாக வெட்டுங்கள். கத்தரி மழுங்கியிருந்தால் முனை நசுங்கும், அதுவும் சாய்வெட்டுக்குச் சமம். ஷீத்தைக் கழற்றிப் பார்த்து, உள்சுவரில் ஈரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். அழுத்தும்போது ஐந்து நொடி எண்ணி மெதுவாகத் தள்ளுங்கள், தள்ளி முடித்த பிறகே கன்னை இழுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் 18–23ஆம் நாளில் திரும்புகிறது

நேரத்தைக் கணக்கிடுங்கள். பருவம் தொடங்கி ஏறக்குறைய 24 முதல் 36 மணியில் முட்டை வெளிவரும். புது விந்து உள்ளே ஒரு நாளுக்கு மேல் தாங்கும். உறைவிந்து அவ்வளவு தாங்காது, அது முட்டைக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேரவேண்டும். காலையில் புதிதாக நின்ற ஆட்டுக்கு மாலையில், மாலையில் நின்றதற்கு மறுநாள் காலையில் போடுங்கள். 12 மணி கழித்தும் கடாவுக்கு நின்றால் இரண்டாவது ஸ்ட்ரா. ‘காலையில் பார்த்தேன்’ என்பதற்கும் ‘காலையில் தொடங்கியது’ என்பதற்கும் வித்தியாசம் உண்டு. முந்தின மாலை கடாவை விடவில்லையென்றால் பருவம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அப்போது ஒழுக்கின் நிறத்தை நம்புங்கள்.

பிறகு நோட்டை மூன்று விதமாகப் பிரித்துப் பாருங்கள்: ஸ்ட்ரா தேதி வாரியாக, போட்டவர் வாரியாக, வளையத்தின் ஆழம் வாரியாக. ஒரே தேதி ஸ்ட்ரா ஒருவர் கையில் நிற்கிறது, இன்னொருவர் கையில் நிற்கவில்லை என்றால் விந்து தப்பித்தது. பிரான்சில் உறைவிந்தில் சுமார் 60 சதவீதம் எடுக்கிறார்கள் என்றால், அங்கே ஒரே இனம், ஒரே தீவனம், வருடக்கணக்கான பதிவு இருக்கிறது. மேய்ச்சல் மந்தையில் முதல் வருடமே அதை எதிர்பார்க்காதீர்கள்.

வயிறு பெருக்கிறது, பருவமும் இல்லை, குட்டியும் இல்லை

ஊசி போட்ட 35 முதல் 45 நாளில் வயிற்றுவழி ஸ்கேன் எடுத்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். திரையில் கருப்பாக நீர் நிறைந்து, நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள் அலைந்து, குட்டியும் நஞ்சுப் பொட்டுகளும் எங்கும் இல்லையென்றால் பொய்ச்சினை, அதாவது கருப்பைக்குள் நீர் கோத்திருக்கிறது. மஞ்சள் உடலம் கரையாமல் இருப்பதால் பருவம் வராது. விட்டுவைத்தால் ஒருநாள் நீர் கொட்டி வால் பக்கமெல்லாம் நனைந்திருக்கும், குட்டி இருக்காது. பி.ஜி. போட்டால் நீர் வெளியேறும். 12 நாள் கழித்து இன்னொரு முறை போடுவது நல்லது. அதன்பிறகு சினைக்கு விடலாம்.

சினை உறுதியாகி மூன்று மாதத்துக்கு மேல் பல ஆடுகள் வரிசையாகக் குட்டி வீசினால், அது சினை ஊசியின் குற்றமில்லை. புருசெல்லா உள்ளிட்ட தொற்றுகளைப் பார்க்கவேண்டும், அது மனிதருக்கும் தொற்றும். விழுந்த குட்டியையும் நஞ்சையும் வெறுங்கையால் தொடாமல், நாய்க்கும் போடாமல், கால்நடை மருத்துவரிடம் மாதிரி கொடுத்துவிட்டுச் சுண்ணாம்பிட்டு ஆழமாகப் புதையுங்கள்.

மூன்று பருவம் சரியாகப் போட்டும் நிற்காத ஆட்டை, ஏற்கெனவே குட்டி கொடுத்துக் காட்டிய கடாவிடம் ஒருமுறை விடுங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் ஸ்பெக்குலமும் ஸ்ட்ராவும் குற்றமற்றவை. கொம்பில்லாத தாய்க்கும் கொம்பில்லாத கடாவுக்கும் பிறந்த பெட்டையாக இருந்தால், யோனியின் கீழ்முனையில் பட்டாணி அளவுக்குப் புடைப்பு இருக்கிறதா, கடாபோல் மற்ற ஆடுகள்மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இருபாலி, எந்த மருந்துக்கும் சினை நிற்காது. எடைக்கு விற்றுவிடலாம்.